இட்டார்சிக்குப் போகும் வழியில் எரிந்த விளக்கு

ஜனவரி 19, திங்கள். கிருஷ்ணகிரி

காலை ஏழுக்குக் கிளம்ப நினைத்து, ஒன்பதரைக்குத்தான் எங்கள் ஊர் கோபியை விட்டோம். தெருவே கூடி நின்றது. கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருப்பார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைப்பு. உள்ளே இருந்தவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, மூக்கில் குழாயோடு. அவரும் சளைக்காமல் நடிகர் மாதிரியே கையாட்டினார்.

வாடகை வண்டி. பழைய டீசல் வேனைக் கரூரில் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து வீடாக மாற்றியிருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கக்கூஸ், எல்லாம் உண்டு. எங்களுக்கு முக்கியம் இன்வெர்ட்டர். அவர் நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்கு நடுவே காலம் தள்ளியவர், நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிப்பார். ரயிலில் பிளக்கை நம்ப முடியாது, விமானத்துக்கு டாக்டர் ஒப்பவில்லை. இந்த வண்டி ஓடும்போது வண்டிக் கரண்ட்டில் மெஷின் ஓடும். நிறுத்துகிற இடத்தில் கிடைத்தால் வெளிக் கரண்ட். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர், மூன்று மணி நேரம் வரும்.

ஓட்டுவது நான்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். அன்றன்றைக்கு ஓடியதை எழுதிவைப்பது அங்கே வந்த பழக்கம்.

போகும் இடம் மத்தியப் பிரதேசம், இட்டார்சி. எங்கள் மகள் சுகந்திக்கு அங்கே ரயில்வேயில் வேலை, இன்ஜின் ஓட்டுகிறாள். இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை அவளுக்குப் பதிவுக் கல்யாணம். கூட வேலை பார்க்கும் பையன். அந்த ஊர்ப் பக்கத்து ஆள். என் அண்ணன்களிடம் காசிக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏறும்போது அவர் கேட்டார். "பட்டு எடுத்து வெச்சியா தெய்வா?"

"கசங்கிருமுங்க" என்றேன்.

விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் அளவு காலை 94, மாலை 93.

ஜனவரி 20, செவ்வாய். அனந்தபூர்

பெங்களூரைத் தாண்டவே பாதி நாள் போயிற்று. ரசம் வைத்தேன். 93.

ஜனவரி 21, புதன். கர்னூல் தாண்டி

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நேரான ரோடு, வண்டி எழுபதில் போய்க்கொண்டிருந்தது. எதிரே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. எண்ணெய்க் குவளை போட்ட விளக்கு. ஆயில் பிரஷர்.

பள்ளிக்கூட வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலில் சொன்னது இதைத்தான். வேறு எந்த விளக்கு எரிந்தாலும் ஓரம் தேடி நிறுத்தலாம். இது எரிந்தால் நின்ற இடத்தில் நிறுத்து. ஆயில் ஏறாத இன்ஜின் ஒரு நிமிஷத்தில் உள்ளே கவ்விக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் இல்லை, இரும்புதான்.

நிறுத்திவிட்டேன். இன்ஜின் நின்றால் மெஷின் பேட்டரியில்தான் ஓடும், அதுவும் ரொம்ப நேரம் வராது. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்றார். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து விட்டுப் பார்த்தேன். ஆயில் மேல் கோடு வரை இருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு அணைந்துவிட்டது. ஐம்பதிலேயே ஓட்டினேன். கண் ரோட்டில் இருந்ததைவிட விளக்கில்தான் அதிகம் இருந்தது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் படுத்தோம்.

சுகந்திக்குப் போன் செய்து, வண்டியில் கோளாறு, வந்து சேர முடியுமா தெரியவில்லை என்றேன். அவள், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

92.

ஜனவரி 22, வியாழன். ஹைதராபாத்துக்கு வடக்கே

முன் இருக்கையில் உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டும் என்றார். மெஷினின் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தார். மிளகாய் வற்றல் காயப்போட்ட களங்களைப் பார்த்துக் குழந்தை மாதிரி காட்டிக்கொண்டே வந்தார். அதுவரை விளக்கு எரியவில்லை.

சாப்பிட நின்ற ஊரில் சிலிண்டரை நிரப்பிக்கொண்டோம். சாப்பிட்டுவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்து மெஷினைப் போட்டுக்கொண்டார். அரை மணியில் எரிந்தது.

வெயில் ஏற ஏற இன்ஜின் சூடாகும், ஆயில் இளகும். அதனால் இருக்கும். ஃபிரிட்ஜ் பக்கம் பிளாஸ்டிக் காய்ந்த மாதிரி ஒரு வாடை. அதுவும் வெயில்தான்.

ஜனவரி 23, வெள்ளி. அதிலாபாத்

இன்று மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் நிறுத்தி, ஆறவிட்டு, எடுத்தேன். மூன்றாவது முறை நிறுத்திய இடத்தில் தமிழ்நாட்டு லாரி ஒன்று நின்றது. பக்கத்தில் ஸ்டவ்வை வைத்துப் புளிக்குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார் டிரைவர்.

"எந்தூருங்க்கா?"

"கோபிங்க."

"அட, நாங்க சங்ககிரிங்க்கா. என்ன, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?"

பெயர் செங்கோடன். ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்தார். டிப் ஸ்டிக்கைப் பார்த்தார், ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு நீளமான ஸ்குரு டிரைவரை இன்ஜின்மேல் வைத்து அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் சுத்தமா இருக்குதுங்க்கா. ஆயில் ஏறலைன்னா டக்கு டக்குன்னு அடிக்கோணும். எனக்கென்னமோ வேற எங்கியோதான் கோளாறுன்னு தோணுது. ஆனா நான் சொன்னேன்னு ஓட்டிறாதீங்க. காதை நம்பி இன்ஜினைக் கெடுத்தவனுங்க நெறைய. ஹிங்கன்காட்ல பட்டறைங்க இருக்குது, காட்டிட்டுப் போங்க."

குழம்பில் பாதியை எங்கள் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார். "குடும்பமா எங்கீங்க்கா, காசிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து, "இல்லீங்க தம்பி. பொண்ணு கல்யாணம்" என்றார்.

91.

ஜனவரி 24, சனி. ஹிங்கன்காட், மகாராஷ்டிரா

இந்த ஊருக்குள் நுழையும்போதே அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ரோட்டோரம் மரக்கிளைகளில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு தொங்குகிறது. ஜின்னிங் ஆலைகள். பருத்தி ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

பட்டறைக்காரர் பெயர் வான்கடே. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு சுகந்திதான் இரண்டு பக்கமும் சொன்னாள். பட்டறை வாசலில் நுழையும்போதே விளக்கு எரிந்ததால் அவரும் கண்ணால் பார்த்தார். இன்ஜினில் ஆயில் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, முதலில் அதை மாற்றலாம் என்றார். மாற்றினார். ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. என் வீட்டுக்காரரைப் பட்டறையின் ஆபீஸ் ரூமில் மெஷினோடு உட்காரவைத்துவிட்டு, நானும் வான்கடேயும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. வான்கடே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நாக்பூர் ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மறுபடி எரிந்தது.

ஆறவிட்டுத் திரும்பிப் போனோம். வான்கடே தலையைச் சொறிந்துகொண்டார். "ஆயில் பம்ப் தேஞ்சிருக்கும், சூடானா அழுத்தம் குறையுதுன்றாரும்மா. இன்ஜினை இறக்கணும். நாளைக்கு ஞாயிறு, திங்கக்கிழமை குடியரசு தினம், செவ்வாய்தான் ஆளுங்க வருவாங்க. அப்புறம் நாலு நாள் ஆகும்னு சொல்றார்." சுகந்தியின் குரல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கம்மியது.

சரி என்று சொல்லிவிட்டேன். பாதுகாப்புதான் முதலில். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

"அப்ப புதங்கெழமை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவிய பதிஞ்சுக்கட்டுங்க. வண்டி சரியானதும் பொறுமையாப் போய்ப் பாத்துக்கலாம். கார்ல போலாம்னா சிலிண்டர் பாதி வழிக்குக்கூட வராது. வழியில ஏதாச்சு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தபோது மெஷின் வண்டியில் இல்லை. வியாழக்கிழமை காலையும் அப்படித்தான். தற்செயலாக இருக்கும். ஆக்சிஜன் மெஷினுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

90.

ஜனவரி 25, ஞாயிறு. ஹிங்கன்காட்

பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வான்கடே வெளியே ஒரு பிளக் பாயின்ட்டும் ஆபீஸ் சாவியும் கொடுத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன். கதவுச் சந்துகளில் ஈரத்துணி செருகினேன். அப்படியும் சாயங்காலம் மேஜையைத் துடைத்தால் துணியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர் இருமிக்கொண்டே இருக்கிறார்.

பெரியண்ணன் போன் செய்தார். "கங்கையில குளிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்கண்ணா. வழியில வண்டி ரிப்பேருங்க."

போனை வைத்ததும் அவர் சொன்னார், இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கி. "அந்த லைட்டு எரியறப்ப எல்லாம்... உன் மொகத்துல... ஒரு நிம்மதி தெரியுது தெய்வா."

பேசினால் மூச்சு வாங்கும், பேசாமல் இருங்கள் என்றேன்.

எனக்கு என்ன நிம்மதி? பாஷை தெரியாத ஊரில், பூட்டிய பட்டறையில், இவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன நிம்மதி? அந்தப் பையனைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. காட்டு ஊர், வேறு ஜாதி, அவனுடைய அம்மா ஆடு மேய்க்கிறாளாம். அதெல்லாம் சுகந்தி சொன்னதுதான். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

காலை 89. மாலை 88.

ஜனவரி 26, திங்கள். ஹிங்கன்காட்

காலை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஒலிபெருக்கியில் பாட்டு. பால் வாங்கிக்கொண்டு திரும்பினால் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கத்தப் போனேன். அதற்குள் கால்கள் நகர்ந்து, முகம் வந்தது. கறுத்து ஒல்லியாக ஒரு பையன், நெற்றியில் கிரீஸ்.

"வணக்கம் அத்தை" என்றான். "நீ சாப்பிட்டியா?"

தூக்கிவாரிப் போட்டது. என் வயதென்ன, இவன் வயதென்ன. ஆபீஸ் ரூமுக்குள் பார்த்து, "மாமா, நீ எழுந்திருக்காதே, உக்காரு" என்கிறான். பிறகுதான் புரிந்தது. சுகந்தி அவனிடம் பேசுகிற தமிழைத்தான் தமிழென்று கற்றுவைத்திருக்கிறான். "நீ வா, நீ போ" தவிர வேறு மரியாதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

சுகந்தி சொன்ன பையன்தான், பெயர் தேவேந்திர உய்கே. எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் கீழே யார் என்ன செய்தார்கள் என்று குழம்பிவிடும்.

ராத்திரி ரயிலில் ஏறி வந்திருக்கிறான். இட்டார்சியில் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு பிரஷர் மீட்டர் இரவல் வாங்கி வந்திருந்தான். கடிகாரம் மாதிரி முகம், அதில் ஒரு முழ நீளக் குழாய். வான்கடேக்குப் போன் போட்டு அனுமதி கேட்டான். பிறகு எனக்கு விளக்கினான், பாதி தமிழ், பாதி கைஜாடை. இன்ஜினில் இருக்கிற சுவிட்சிலிருந்து டாஷ்போர்டு விளக்குக்கு ஒரே ஒரு மெல்லிய ஒயர் போகிறது. ஆயில் அழுத்தம் குறைந்தால் சுவிட்ச் அந்த ஒயரை இன்ஜின் இரும்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும்.

"ஆனா அத்தை, அந்த ஒயர் நடுவிலே எங்கே இரும்பு தொட்டாலும் லைட் வரும். ஆயில் இருக்கா இல்லையா, லைட்டுக்குத் தெரியாது. மீட்டருக்குத்தான் தெரியும்."

சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரின் குழாயை முறுக்கினான். ஒயரின் நுனியில் டேப் சுற்றித் தொங்கவிட்டான். இந்த வண்டியில் இன்ஜின் மூடி இரண்டு இருக்கைக்கும் நடுவில்தான். மூடியைத் திறந்துவைத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அத்தை, நீ ஓட்டு."

நாக்பூர் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் முள் இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. ஆனால் விளக்கும் எரியவில்லை.

பட்டறையில் இறங்கியதும் அவன் முகம் தெளியவில்லை. "மீட்டர் நல்லா இருக்கு. ஆனா லைட் வரலையே. லைட் வர்றப்ப மீட்டர் என்ன காட்டுதுன்னு பாக்கணும். பம்ப் சிலநேரம் சரி, சிலநேரம் தப்பா இருக்கலாம்." ஆபீஸ் ஜன்னல் வழியே அவரைப் பார்த்தான். "சந்தேகம் வெச்சுக்கிட்டு மாமாவை ஏத்த மாட்டேன். நடுக்காட்டிலே நின்னா மெஷின் நின்னுடும். நீ இங்கேயே ரிப்பேர் பண்ணு அத்தை. நாங்க புதன்கிழமை கையெழுத்து போட்டுட்டு இங்கே வர்றோம். உன் கால்ல விழுந்துட்டுப் போறோம். பரவாயில்லை."

பரவாயில்லை என்று சொல்லும்போது கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அங்கே கிரீஸ் மிச்சம் இல்லை.

நான் தலையாட்டியிருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவனே சொல்கிறான்.

உள்ளே அவர் இருமுவது கேட்டது. காலையில் பார்த்தது 87. அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

"மெஷின் ஓடறப்பத்தான் வருது" என்றேன்.

"என்ன சொன்னே?"

"மாமாவோட மெஷின். அதை வண்டிக் கரண்ட்டுல போட்டாத்தான் லைட்டு வரும். போடலைன்னா வர்றதில்லை. வந்ததிலிருந்தே அப்படித்தான்."

ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு ஓடினான். அவருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, மெஷினைத் தூக்கிவந்து வண்டிக்குள் வைத்து, வண்டிக் கரண்ட்டில் போட்டான். இன்ஜினை ஓடவிட்டேன். அவன் மீட்டரோடு, நான் ஸ்டியரிங்கில். கால் மணி நேரம். ஒன்றும் இல்லை. நான் உளறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது எரிந்தது.

ஒயரின் நுனி அந்தரத்தில் தொங்குகிறது. மீட்டர் முள் அசையவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது. "ஆயில் இல்லை! ஆயில் இல்லை!" என்று கத்தினான். ஆயிலில் கோளாறு இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னான். அடுத்த நொடி முகம் மாறியது. "பந்த், பந்த்" என்று கையை ஆட்டினான். இன்ஜினை அணைத்தேன். மெஷினையும் பிடுங்கினான்.

ஃபிரிட்ஜுக்கு அடியில் பலகையைக் கழற்றினான். இன்வெர்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளையும் விளக்குகளுக்குப் போகும் மெல்லிய ஒயர்களையும் ஒரே கட்டாக டேப் சுற்றி, தரை இரும்பில் ஓட்டை போட்டு அதன் வழியாக இழுத்திருந்தார்கள். டேப்பை அறுத்ததும் வாடை வந்தது. வியாழக்கிழமை வந்த அதே வாடை. மெஷின் ஓட ஓடக் கேபிள் சூடேறி, பக்கத்து ஒயர்களின் தோல் வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. ஆயில் விளக்கு ஒயரின் செம்பு வெளியே வந்து, கேபிள் சூட்டில் தொய்யும்போதெல்லாம் ஓட்டையின் விளிம்பைத் தொட்டிருக்கிறது. தடித்த கேபிளின் தோலும் ஒரு பக்கம் கருகியிருந்தது.

"ஆக்" என்றான். தமிழ் வரவில்லை அவனுக்கு. விரல்களை விரித்து மேலே காட்டினான். தீ. பிறகு கட்டிலைக் காட்டினான். ஒயர் கட்டு போனது கட்டிலுக்கு நேர் கீழே. மேலே ஆக்சிஜன்.

நான் போய் வெளியே பைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வான்கடே விடுமுறையும் அதுவுமாக மத்தியானம் வந்துவிட்டார், சட்டையில் குத்திய கொடியோடு. உருகியதைப் பார்த்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். தனியாகத் தடிமனான புதுக் கேபிள், அதற்கு ஃபியூஸ், ஓட்டையில் ரப்பர் வளையம், ஆயில் விளக்குக்கு வேறு வழியாகப் புது ஒயர். இருவரும் இருட்டும் வரை செய்தார்கள். பிறகு மெஷினைப் போட்டு ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டோம். எரியவில்லை. கேபிளை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

டீ கொண்டுபோனபோது என் வீட்டுக்காரர் கேட்டார். "மெஷினாலதான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குத்தான் தோணுச்சுங்க" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 27, செவ்வாய். இட்டார்சி

விடிந்ததும் கிளம்பினோம். தேவேந்திரன் முன் இருக்கையில். பின்னால் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. விளக்கு எரியவே இல்லை. எரியாமல் இருப்பதும் பயமாக இருந்தது. ஒயரை எங்காவது தப்பாக மாட்டியிருந்தால்? நிஜமாகவே ஆயில் குறைந்தால்கூட எரியாதே? நாக்பூர் தாண்டி ஓரம் கட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்து, சாவியைத் திரும்பப் பாதி திருப்பச் சொன்னான். சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. "பாரு, உயிரோட இருக்கு" என்றான். வழியில் இன்னும் நாலு தடவை நிறுத்தி அதைப் பார்த்தேன். நாலு தடவையும் அவன் சலிக்கவில்லை.

பேதுல் தாண்டித் தேக்குக் காடு. மலைச்சரிவில் இறங்கும்போது பெரியண்ணன் போன். ஓரமாக நிறுத்திப் பேசினேன்.

"காசி சேந்தாச்சா?"

"காசிக்குப் போகலீங்கண்ணா. சுகந்திக்கு நாளைக்குக் கல்யாணமுங்க. மாப்பிள்ளை இந்த ஊருங்க."

அண்ணன் போனை வைத்துவிட்டார். நான் கியரைப் போட்டேன்.

சுகந்தி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். முதலில் அப்பாவிடம் ஓடினாள். பிறகு என்னிடம் வந்து, அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். "வெயில்ல ஏன் நிக்கற, உள்ள போ" என்றேன்.

92.

ஜனவரி 28, புதன். ஷாப்பூர் பக்கம் ஒரு கிராமம்

கல்யாணம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. ஃபேன் சுற்றாத ஒரு ஆபீஸ். அவர் சிலிண்டரோடு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தேவேந்திரனின் மாமன் ஒருவர் போட்டார். மூன்றாவதாக வரவேண்டிய நண்பருக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். நான் போட்டேன்.

தேவேந்திரனின் அம்மா பூல்வதி பாய் காலை பஸ்ஸில் வந்திருந்தாள். முழங்கைவரை பச்சை குத்தியிருக்கிறாள். ஆபீஸில் ஒரு மூலையில், யார் மேலும் இடிக்காமல், சுவரோடு நின்றாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் கிளம்ப அவசரப்பட்டாள். ஆடு குட்டி போடும் நேரம், கடைசி பஸ்ஸை விட்டால் போக முடியாது என்று சுகந்தி சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பார்க்க தேவேந்திரன் எழுந்தான்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மா, அறுபது கிலோமீட்டர்" என்றாள் சுகந்தி.

"கோபியிலிருந்து வந்தவளுக்கு இது ஒரு தூரமா?"

அவருக்கு இங்கே குவார்ட்டர்ஸ் கரண்ட்டில் மெஷின் ஓடுகிறது, பக்கத்தில் மகள் இருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே, "போயிட்டு காலையில வா" என்றார். கோபியை விட்ட பிறகு அவரைப் பிரிந்து நான் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

பூல்வதி பாய் முன் இருக்கையில் நுனியில் உட்கார்ந்து வந்தாள். சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். காட்டுக்குள் நுழைந்ததும் அவள் பேச ஆரம்பித்தாள். இந்தி பாஷையா, அவர்கள் பாஷையா, எனக்குத் தெரியாது. ஒரு குன்றைக் காட்டி ஏதோ சொன்னாள், ஒரு ஓடையைக் காட்டிச் சிரித்தாள். நானும் தமிழில் பேசிக்கொண்டு வந்தேன். இவருக்கு நுரையீரல் போனதை, சுகந்தி சின்ன வயதில் என் வேனில் முன்சீட்டுக்கு அடம்பிடித்ததை, எனக்குப் பயமாக இருந்ததை. அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

ஊர் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து வீடு, மண் சுவர், வாசலில் சுண்ணாம்புக் கோலம். இவ்வளவு பெரிய வண்டியைப் பார்த்ததும் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். யாரோ என்னைக் காட்டிக் கேட்டார்கள். யார் இது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

பூல்வதி பாய், சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, "சம்தன்" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

"ஆமாங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சம்பந்தி."